கேட்டுக் குடித்த தண்ணீர்

முள்ளிக் காட்டில் ஒரு காட்டுப்பன்றியின் காலில் கருவேல முள் ஏறிவிட்டது. இந்தக் கதையில் வரப்போகும் அத்தனை வம்புக்கும் அந்த ஒரு முள்தான் ஆரம்பம்.

சித்திரை மாதம். காட்டை ஒட்டிய ஆறு வற்றி, கரைக்குக் கரை வெறும் மணல். ஆனால் மணலைத் தோண்டினால் அடியில் தண்ணீர் ஊறும். அப்படித் தோண்டிய குழியை ஊற்று என்பார்கள். அந்த வருஷம் காடு முழுவதற்கும் இருந்தது ஒரே ஓர் ஊற்று. அதை யார் தோண்டியது என்று யாருக்கும் நினைவில்லை. தாகம் எடுத்தவர் வருவார், குடிப்பார். போகும்போது, உள்ளே சரிந்து கிடக்கும் மணலில் ஒரு கை வாரி வெளியே போட்டுவிட்டுப் போவார். கை இல்லாதவர் மூக்கால் தள்ளுவார். இல்லாவிட்டால் ஊற்று தூர்ந்துபோகும். அவ்வளவுதான் அங்கே சட்டம். குடிக்கட்டுமா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

முள் ஏறிய பன்றியால் நடக்க முடியவில்லை. ஊற்றின் ஓரமாக, வழியை மறித்துக்கொண்டு தொப்பென்று படுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அழுங்கு வந்தது. அழுங்கு என்றால் எறும்புதின்னி. உடம்பெல்லாம் தடித்தடியாகச் செதில். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அதன் வால்மேல் பிறந்து பத்தே நாளான குட்டி ஒன்று தொத்திக்கொண்டிருந்தது. பன்றியைத் தாண்டிப் போக அழுங்குக்கு உதறல். சும்மா போவதற்குப் பதிலாக, ஒரு மரியாதைக்குக் கேட்டுவைப்போமே என்று நினைத்தது.

"அண்ணாச்சி, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கட்டுமா?"

பன்றிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறந்ததிலிருந்து அதை எல்லோரும் 'ஏ பன்னி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அண்ணாச்சி யார் என்று திரும்பிப் பார்த்தது. பின்னால் ஒருவரும் இல்லை.

"என்னையா கேட்டே?"

"ஆமா அண்ணாச்சி."

பன்றி யோசித்தது. 'என்னிடம் கேட்கிறாள் என்றால், மாட்டேன் என்று சொல்லவும் என்னால் முடியும்போல இருக்கிறதே! அட, இத்தனை நாள் இது தெரியாமல் போச்சே!' அதன் வால் தானாகச் சுருண்டது.

"குடிச்சுக்கோ. ஆனா, போகும்போது ரெண்டு கை மணல் வாரிப்போடு!"

அழுங்கு குடித்தது. ரெண்டு கை வாரிப்போட்டது. அதைப் பார்த்த முயலும் கேட்டுக் குடித்தது. முயலைப் பார்த்த முள்ளம்பன்றியும் கேட்டுக் குடித்தது. பொழுது சாய்வதற்குள் காடே வரிசையில் நின்று கேட்டது. மறுநாள் முள் தானாக விழுந்துவிட்டது. பன்றிதான் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் பன்றி ஒரு புது ஏற்பாடு சொன்னது.

"மணல் வாரினா மட்டும் பத்தாது. எனக்கு ஒரு புது ஊத்துத் தோண்டிக் கொடுங்க. தோண்டறவங்களுக்கு தினமும் ரெண்டு மடக்குத் தண்ணி!"

"நான் தோண்டற ஊத்து எனக்குத்தானே?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"என் தண்ணியைக் குடிச்ச தெம்புலதானே தோண்டப்போறே? அப்ப அது யாருக்கு? நீயே சொல்லு!"

முள்ளம்பன்றி யோசித்துப் பார்த்தது. நியாயம்போலத்தான் இருந்தது. சரி, பன்றி தண்ணீரைத் தொடாமல் தானே சொந்தமாகத் தோண்டலாம் என்றால், வறண்ட தொண்டையோடு அரைநாள் மணலைப் பறிக்க முடியுமா? முதலில் குடித்தாக வேண்டும். குடித்துவிட்டாலோ, தோண்டுகிற ஊற்று பன்றிக்கு. சனியன், எந்தப் பக்கம் போனாலும் பன்றியிடம்தான் போய் முட்டியது.

பதினைந்து நாளில், பழையதோடு சேர்த்து, ஆற்றில் பதினொரு ஊற்றுகள். எல்லாம் பன்றிக்கு. அதில் மூன்று அழுங்கு தோண்டியவை. அதற்குத்தான் தோண்டுகிற நகம். அந்த நகம் இப்போது பாதியாகத் தேய்ந்திருந்தது.

பதினொரு ஊற்றையும் பன்றி ஒருவனால் காக்க முடியுமா? முடியாது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தது. தோண்டியவரே காவல்! முயல் கேட்காமல் குடிக்கிறதா என்று முள்ளம்பன்றி பார்க்க வேண்டும். முள்ளம்பன்றி கேட்காமல் குடிக்கிறதா என்று முயல் பார்க்க வேண்டும். மூக்குக்கு நேரே தண்ணீரை வைத்துக்கொண்டு, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தது முயல். இப்படியும் ஒரு கூத்து உண்டா!

அண்ணாச்சி என்று கூப்பிட்டவர்கள் இப்போது முதலாளி என்று கூப்பிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வாய் தானாக அப்படித் திரும்பிவிட்டது.

ஒருநாள் முள்ளம்பன்றிக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்யா, இத்தனை ஊத்தும் எப்படி இவனுக்குச் சொந்தமாச்சு?" என்று முணுமுணுத்தது.

"அதானே!" என்றது முயல்.

"அதானே!" என்றது காடு.

பன்றியின் காதில் அது விழுந்தது. பதினைந்து நாள் முதலாளியாக இருந்த மூளை சும்மா இருக்குமா?

"அருமையான கேள்வி!" என்று எழுந்து நின்று தலையை ஆட்டியது. "எனக்கும் ரொம்ப நாளா இதே சந்தேகம்! நம்ம காட்டுல மூணு அறிஞர்கள் இருக்காங்க. ஆந்தையார், ஆமையார், நாரையம்மா. அவங்களைக் கூப்பிட்டுக் கேட்போம். மூணு பேரும் ஒரே முடிவுக்கு வந்ததும் எல்லாருக்கும் வயிறு முட்டத் தண்ணி! அதுவரைக்கும் யாரும் குடிக்கக் கூடாது. விஷயம் விவாதத்துல இருக்கில்லையா?"

எல்லோருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. நம் கேள்விக்கு இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போனார்கள். தண்ணீரை நிறுத்திவிட்டான் என்பது அழுங்குக்கு மட்டும்தான் உறைத்தது. தாய் குடித்தால்தானே குட்டிக்குப் பால்? முந்தின நாளே பால் வற்றத் தொடங்கியிருந்தது.

மறுநாள் காலையில் மணலில் சபை கூடியது. அறிஞர்கள் மூவருக்கும் மருதமர நிழல். ஆளுக்கொரு தேக்கிலைத் தொன்னை நிறையத் தண்ணீர். மற்றவர்களுக்கு வெயில்.

முதலில் ஆந்தை தொண்டையைக் கனைத்தது. பகல் வெளிச்சத்தில் அதற்குக் கண் கூசும். ஆகவே எதையும் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டே பேசியது.

"எல்லாத்துக்கும் காரணம் பன்றியாரோட மனசு! அவரை கவனிச்சுப் பாருங்க. விடியறதுக்கு முன்னால முழிச்சுக்கறார். பதினைஞ்சு நாளா சேத்துல புரளலே. கிழங்கு கிடைச்சா பாதி தின்னுட்டுப் பாதியை வச்சுக்கறார். உழைச்சுச் சேர்க்கறவனைத்தான் வனதேவதைக்குப் பிடிக்கும்னு உள்ளுக்குள்ள ஒரு பயபக்தி! அனுபவிக்காம சேர்த்தா, சேராம என்ன செய்யும்?"

பன்றி கண்ணைத் துடைத்துக்கொண்டது. எழுந்து போனால் இடம் போய்விடுமே என்ற பயத்தில்தான் அது சேற்றுக்குப் போகவில்லை. அதற்கு பக்தி என்று ஒரு பெயர் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

"பொய்! பச்சைப் பொய்!" என்று ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டியது ஆமை. "சிக்கனமாம், பக்தியாம்! எல்லாருக்கும் பொதுவாக் கிடந்த ஊத்தை மறிச்சுப் படுத்தான். அன்னைக்கு ஆரம்பிச்சது இது. அப்புறம் இந்தப் பதினோரு ஊத்துல ஒண்ணையாவது இவன் தோண்டினானா? தேஞ்சது உங்க நகம்! வளர்ந்தது இவன் தொந்தி!"

"ஆமா! ஆமா!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. பன்றியின் முகம் தொங்கிப்போனது.

"அப்ப நாங்க என்ன செய்யணும், ஐயா?" என்று முட்களைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது முள்ளம்பன்றி.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்! ஊத்துக் கூடக்கூட ஒவ்வொண்ணுலயும் தண்ணி குறையும். கரை சரியும். எல்லாம் தானே இடிஞ்சு விழும். அது நடந்தே தீரும்! நீங்க காத்திருந்தாப் போதும்."

"எவ்வளவு நாள்?"

"சீக்கிரம்தான். ஒரு நூறு வருஷம்!"

முள்ளம்பன்றி உட்கார்ந்துவிட்டது. பன்றியின் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"ஆமையாருக்கு இன்னொரு தொன்னை ஊத்துங்கப்பா! என்னமாப் பேசுறார்!"

அடுத்து நாரை ஒற்றைக்காலில் எழுந்தது.

"ரெண்டு பேரும் இந்த ஆத்தைத் தாண்டினதில்லை. நான் ஏழு ஆறு பார்த்தவ. கேட்டுக்கோங்க! இங்க ஒரு பன்னி கொழுக்கணும்னா வேற எங்கேயோ ஒரு கூட்டம் காய்ஞ்சாகணும். நீங்க இங்க புதுசாப் பத்து ஊத்துத் தோண்டினதும் கீழாத்துல ஊறறது நின்னுபோச்சு. அங்க சருகுமான் எல்லாம் சுருண்டு சுருண்டு விழுது. ஆமை சொல்ற மாதிரி இது இடியாது. இந்த ஆறு வத்தினா அடுத்த ஆத்துக்குப் போயிரும். இடம்தான் மாறும், முடிவே கிடையாது!"

தாங்கள் தோண்டிய குழி இன்னொருவர் தொண்டையைக் காயவைக்கும் என்று யாரும் நினைத்ததில்லை.

"ஐயோ பாவமே! நீங்க அங்க என்ன செஞ்சீங்கம்மா?" என்று கேட்டது முயல்.

"நல்லாப் பார்த்து வச்சுக்கிட்டு வந்தேன்!" என்றது நாரை பெருமையோடு.

"இடியவும் இடியாது, எங்கேயும் போகவும் போகாது!" என்று குறுக்கே விழுந்தது ஆந்தை. "நாளைக்கே பன்றியார் நினைச்சாலும் இதை நிறுத்த முடியாது. எழுந்தா இடம் போயிரும். படுத்தா இடுப்புப் போயிரும். அவரே தோண்டின குழியில அவரே மாட்டிக்கிட்டார்!"

பன்றிக்குச் சுருக்கென்றது. இடுப்பு வலிப்பது இந்த ஆந்தைக்கு எப்படித் தெரிந்தது?

அப்புறம் மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மனசுதான் முதல் என்றது ஆந்தை. மறித்துப் படுத்ததுதான் முதல் என்றது ஆமை. கீழாற்றைப் பார் என்றது நாரை. கடைசியில் ஆந்தை, முதலில் ஊற்று என்றால் என்ன என்று தீர்மானித்துவிட்டுத்தான் மேலே பேசவேண்டும் என்றது. மற்ற இருவரும் அதற்கு மூன்று மூன்று விளக்கம் கொடுத்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறியது. மணல் கொதித்தது. அறிஞர்களின் தொன்னைகள் மட்டும் காலியாகக் காலியாக நிறைந்துகொண்டே இருந்தன.

அப்போது அழுங்கின் வாலில் இருந்த பிடி தளர்ந்தது. குட்டி நழுவி மணலில் விழுந்தது. விழுந்ததற்கு அழக்கூட இல்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

அழுங்கு குட்டியை வாரி எடுத்துக்கொண்டு சபைக்கு நடுவே ஓடியது.

"ஐயாமாரே, ஒரு வார்த்தை!"

"கேள்வியெல்லாம் கடைசியில!" என்றது ஆந்தை, கண்ணைத் திறக்காமல்.

"கேள்வி இல்லீங்க. பதில்! இது எப்படி ஆரம்பிச்சதுன்னு எனக்குத் தெரியும். ஆரம்பிச்சது நான்தான்!"

எல்லாத் தலையும் அழுங்கின் பக்கம் திரும்பியது.

"முள்ளுக் குத்தி இவர் ஊத்தோரமாப் படுத்திருந்தார். நான்தான் பயந்துபோய், அண்ணாச்சி, குடிச்சுக்கட்டுமான்னு கேட்டேன். அதுவரைக்கும் இவருக்கே தெரியாது, இது தன்னோடதுன்னு! நான் கேட்டதால இவர் சொன்னார். இவர் சொன்னதால நீங்க கேட்டீங்க. வேற ஒண்ணுமே இல்லை ஐயா! என் பிள்ளை சாகக் கிடக்கு. போதும், விடுங்க!"

பன்றி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்குத் தெரியும், நடந்தது அதுதான்.

"சுவையான தகவல்," என்றது ஆந்தை. "ஆனா ஒருத்தி கண்ணால கண்டதெல்லாம் கோட்பாடு ஆயிடாது."

"யாரோ ஒருத்தி கேட்டதால எல்லாம் உலகம் மாறாது. காலம் கனியணும்," என்றது ஆமை.

"மத்த ஆறு ஆத்துலயும் யாராவது இப்படிக் கேட்டாங்களான்னு பார்க்கணும். அடுத்த வருஷம் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்," என்றது நாரை.

மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "நீ போய் உட்கார்!"

"ஆங்! மூணு பேரும் ஒரே முடிவுக்கு வந்தாச்சு! தண்ணியை விடு!" என்று கத்தியது முள்ளம்பன்றி.

"அது வேற முடிவு!" என்று கத்தியது பன்றி.

அழுங்கு உட்காரவில்லை. நேரே நடந்தது. பக்கத்தில் இருந்த ஊற்றுக்குப் போனது. அங்கே முயல் காவல்.

"அக்கா! முதலாளிகிட்டக் கேட்டியா?"

"கேக்கலே."

"கேக்காம எப்படிக்கா குடிக்கிறது?"

"போன வருஷம் எப்படிக் குடிச்சே?"

முயல் காதைச் சொறிந்தது. போன வருஷம் என்று ஒன்று இருந்ததே அதற்கு மறந்துபோயிருந்தது.

அழுங்கு குனிந்து குடித்தது. ரெண்டு மடக்கோடு நிறுத்தவில்லை. வயிறு நிறையக் குடித்தது. ஈரமான நாக்கால் குட்டியின் வாயைத் தடவியது. குட்டி நாக்கைச் சப்பியது.

"ஏய்! யாரைக் கேட்டுக் குடிச்சே?"

பன்றி மணல் பறக்க ஓடிவந்தது. அழுங்கு குட்டியை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டது. அப்படியே சுருண்டது. இப்போது அங்கே இருந்தது ஒரு செதில் பந்துதான். பன்றி மூக்கால் முட்டியது. மூக்கு கிழிந்தது. பல்லால் கவ்வியது. பல் வழுக்கியது. காலால் உதைத்தது. முன்பு முள் ஏறிய அதே காலில் செதில் ஏறியது. "ஐயோ அம்மா!" என்று காலைத் தூக்கிக்கொண்டு பன்றி மூன்று கால்களில் குதித்தது.

எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முயல் மட்டும் கீழே பார்த்தது. மூக்குக்கு நேரே தண்ணீர். தலையைக் குனிந்தது. ஒரு மடக்கு. காடு இடிந்து விழவில்லை. இன்னொரு மடக்கு.

"கேக்காமலே குடிக்கலாம்போலிருக்குடா!" என்று கத்தியது முயல்.

முள்ளம்பன்றி தன் ஊற்றில் தலையை விட்டது. அடுத்த ஊற்றில் மரநாய் தலையை விட்டது. பன்றி இங்கே ஓடினால் அங்கே குடித்தார்கள். அங்கே ஓடினால் இங்கே குடித்தார்கள். ஊற்று பதினொன்று, பன்றி ஒன்று. அதிலும் அதற்குக் கால் மூன்றுதான் வேலை செய்தது. சாயங்காலத்துக்குள் வாயில் நுரை தள்ளி, ஆற்று நடுவில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டது.

"ஏ பன்னி!" என்று கூப்பிட்டது முள்ளம்பன்றி. "தாகமா இருக்கா? வந்து குடி. போகும்போது ஒரு கை மணல் வாரிப்போடு!"

பன்றி நொண்டிக்கொண்டே வந்து குடித்தது. மூக்கால் மணலைத் தள்ளியது. அப்புறம் யாரும் சொல்லாமலே ஓரத்துச் சேற்றில் போய்ப் புரண்டது. பதினைந்து நாளாயிற்று அதற்கு அந்தச் சுகம் கிடைத்து. "அப்பாடா!" என்று அது விட்ட மூச்சு அக்கரைக்குக் கேட்டது.

நாரை சொன்னது முயலுக்கு நினைவு வந்தது. எல்லோரும் சேர்ந்து எட்டு ஊற்றுகளைத் தூர்த்தார்கள். கீழாற்றுக்கும் தண்ணீர் போகட்டும் என்று மூன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அறிஞர்கள்? அவர்கள் மருதமரத்தடியில் இருந்து நகரவே இல்லை. பன்றியின் மனம் திருந்தியதால்தான் எல்லாம் முடிந்தது என்றது ஆந்தை. நான் சொன்னபடி தானே இடிந்தது, என்ன, நூறு வருஷம் முன்னாலேயே இடிந்துவிட்டது என்றது ஆமை. இங்கே முடிந்தால் வேறு ஆற்றில் ஆரம்பித்திருக்கும் என்றது நாரை. தொன்னைகள் காய்ந்துபோயின. யாரும் வந்து ஊற்றவில்லை. கடைசியில் மூவரும் தாமே இறங்கி வந்து குடித்தார்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் மணல் வார மறந்துபோனார்கள்.

மறுநாள் காலை. அழுங்கு தான் தோண்டிய ஊற்றின் ஓரமாகச் சாய்ந்து படுத்திருந்தது. பால் ஊறிவிட்டது. குட்டி சப்புக்கொட்டிக் குடித்துக்கொண்டிருந்தது.

கீழாற்றுப் பக்கமிருந்து ஒரு சருகுமான் தள்ளாடி வந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. புது இடம், புது ஆள். அழுங்கைப் பார்த்ததும் பயந்து நின்றது. தலையைத் தாழ்த்திக்கொண்டு கேட்டது.

"அம்மா, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கட்டுமா?"

அம்மாவா! அழுங்குக்கு உள்ளே என்னவோ இனித்தது. இதுவரை அதை யாரும் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. 'தோண்டியது நான்தானே! தேய்ந்தது என் நகம்தானே!' என்று ஒரு நினைப்பு ஓடியது. வால் நுனி தானாகச் சுருண்டது.

"குடிச்சுக்கோ. ஆனா…"

அந்த 'ஆனா'வைத் தன் வாயாலேயே கேட்டதும் அழுங்குக்குத் திக்கென்றது. இதே இடம், இதே வார்த்தை, இதே சுருண்ட வால்! வெடுக்கென்று எழுந்தது. குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டது. ஊற்றைவிட்டு நாலடி தள்ளி நின்றது.

"என்கிட்ட ஏன் கேக்குறே தாயி? கேக்காதே! குடி. போகும்போது ஒரு கை மணல் வாரிப்போடு. அடுத்து வர்றவங்களுக்கு வேணும்."

சருகுமான் குனிந்து குடித்தது. அது குடித்து முடிக்கும்வரை நின்று பார்க்க அழுங்குக்கு ஆசைதான். பார்த்துக்கொண்டு நின்றால் நாளைக்குப் படுக்கத் தோன்றும் என்று பயந்து, திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் நடந்துவிட்டது.

எல்லோருக்கும் பொதுவானதை ஒருவரிடம் போய் அனுமதி கேட்டு வாங்கினால், அந்த நிமிஷமே அவரை நாம் முதலாளி ஆக்கிவிடுகிறோம்.